சுகந்தியின் மீன்தொட்டி

காலைக் கொஞ்சம் அங்கிட்டு வச்சுக்குங்க தம்பி. பையில பாட்டில் இருக்கு. பாட்டில்ல தண்ணி இருக்கு. குடிக்கிற தண்ணி இல்ல, மீன்தொட்டித் தண்ணி. சிரிக்காதீங்க. மதுரையில இருந்து கோவில்பட்டிக்கு ஒரு மனுஷன் மீன்தொட்டித் தண்ணியை எடுத்துக்கிட்டுப் போறான்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?

இந்தாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. நல்லா ஆட்டிப் பாருங்க. பளிச்சுன்னு இருக்கா இல்லையா? தொட்டியில இருந்த ஒரு செடியையும் வேரோட பிடுங்கி உள்ள போட்டிருக்கேன். இலையில பாசி இருக்கா? ஒரு நூல்? ஒரு பொட்டு? கிடையாது. இதைத்தான் என் மருமக கையில கொடுக்கப் போறேன். "இந்தாம்மா உன் தொட்டி, சுத்தமாக்கி வச்சிருக்கேன், பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பு"ன்னு சொல்லி, சாயங்காலப் பஸ்ல ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துருவேன். இன்னிக்கே. நீங்க திருநெல்வேலியா? நல்லது, அப்ப நேரம் இருக்கு.

மருமக பேரு சுகந்தி. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போனவ. பேத்தி பிறந்து, குப்புற விழுந்து, இப்பத் தவழவே ஆரம்பிச்சாச்சு. இன்னும் வீடு வந்து சேரல. எங்க பக்கத்துல எல்லாம் மூணாம் மாசம் கூட்டிட்டு வர்றது வழக்கம். மூணாம் மாசம் கேட்டோம், தடுப்பூசி இருக்குன்னாங்க. சரின்னோம். அப்புறம் ஆடி. ஆடியில எப்படி அனுப்புறதுன்னாங்க. அதுவும் சரி. ஆடி போச்சு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலின்னாங்க. அவங்க முழங்காலுக்கும் என் பேத்திக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க.

என் மகன் கதிரேசன் இருக்கானே, சனிக்கிழமை ஆனாக் கோவில்பட்டிக்குக் கிளம்பிருவான். திங்கக்கிழமை காலையில திரும்புவான். "எப்படா வர்றா?"ன்னு கேட்டா, "கொஞ்சம் விடுங்கப்பா" ங்கிறான். எதைக் கேட்டாலும் அதுதான். "கொஞ்சம் விடுங்கப்பா." பெத்து வளர்த்துப் படிக்க வச்சதுக்கு அவன் கத்துக்கிட்டது இந்த ரெண்டு வார்த்தை.

நான் குடிநீர் வேலையில இருந்தவன் தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல. ஆத்துத் தண்ணியை இறைச்சு, படிகாரம் கலந்து தெளிய வச்சு, மணல்ல வடிகட்டி, குளோரின் போட்டு ஒரு ஊருக்கே அனுப்பினவன். தண்ணியில ஒரு உயிர் இருக்கக்கூடாது. புழு, பாசி, கண்ணுக்குத் தெரியாத கிருமி, எதுவும் இருக்கக்கூடாது. அதுதான் என் உத்தியோகம். அப்பேர்ப்பட்டவன் வீட்டு ஹால்ல, உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுற இடத்துல, அந்தப் பொண்ணு ஒரு தொட்டி வச்சா பாருங்க. அடியில தோட்டத்து மண்ணு. மண்ணு தம்பி! அதுக்கு மேல மணல். அதுல காடு மாதிரிச் செடி. கொஞ்சம் கப்பி மீன். நத்தை. தண்ணி மேல சின்னச் சின்னதா மிதக்கிற இலை. மோட்டார் கிடையாது. வடிகட்டி கிடையாது.

"தண்ணியை எப்பம்மா மாத்துவ?"ன்னு கேட்டேன்.

"மாத்தவே வேண்டாம் மாமா. வத்தினா ஊத்தினாப் போதும். செடியே தண்ணியைப் பார்த்துக்கும்" ங்கிறா.

செடி பார்த்துக்குமாம். அப்ப எனக்கு எதுக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தாங்க? ரெண்டு செடியை நட்டு வச்சுட்டு என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்ல?

ஊருக்குப் போற அன்னிக்கு, கை நிறைய வளைகாப்பு வளையலோட, தொட்டி முன்னாடி என்னை நிக்க வச்சுச் சொன்னா. "மாமா, ரெண்டு நாளைக்கு ஒருக்க ஒரு சிட்டிகை தீனி. விளக்கு டைமர்ல இருக்கு. மத்தியானம் எரியும், ஆறு மணிக்குத் தானா அணையும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒண்ணுமே செய்யாதீங்க மாமா."

கேட்டீங்களா? ரெண்டு தடவை. ஒரு பெரிய மனுஷன்கிட்ட சொல்ற பேச்சா இது?

நான் மரியாதையா மண்டையை ஆட்டினேன். பொண்ணு மோசம் இல்ல தம்பி, அதையும் சொல்லிடறேன். அதிகம் பேசாது. வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை. ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் பார்க்கும். எதுக்குச் சாத்தணும்? காத்து வர வேண்டாமா? நான் போய்த் திறந்து வைப்பேன். திரும்பச் சாத்துவா. திரும்பத் திறந்து வைப்பேன். ஜன்னல் ஓரமா மேசையைப் போட்டிருந்தா. வெயில் முகத்துல அடிக்குமேன்னு, அவ குளிக்கப் போன நேரத்துல சுவர்ப்பக்கமா நகர்த்திப் போட்டேன். அவ விளக்கி வச்ச பாத்திரத்தை நான் இன்னொரு தடவை அலசி வைப்பேன். பிள்ளைத்தாச்சி, அவசரத்துல சோப்பு போகாம இருக்கும்ல? ஒரு வார்த்தை குறையாச் சொன்னதில்ல. சொல்லாமலே செஞ்சிருவேன். எந்த மாமனார் இப்படிச் செய்வான்?

திருமங்கலம் வந்துருச்சா. பாட்டிலைக் கொடுங்க, ஒரு தடவை பார்த்துக்கிறேன். நல்லாத்தான் இருக்கு. பாருங்க, ஆட்டினாக்கூடப் பெருசா ஒண்ணும் தெரியல.

எங்க விட்டேன்? ஆங், டைமர். அவ போன அன்னிக்குச் சாயங்காலம். என் வீட்டுக்காரி சொர்ணம் சாமிக்கு விளக்கு ஏத்துறா. அதே நேரம், இங்க டக்குன்னு தொட்டி விளக்கு அணையுது. அவ நெஞ்சுல கை வச்சுட்டா. "பிள்ளைத்தாச்சி வச்ச விளக்கு, விளக்கு வைக்கிற நேரத்துல அணையலாமா? நல்லதுக்கில்ல"ன்னா. எனக்கு இந்த மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. அவளைப் பார்த்துச் சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. மத்தியானம் ஆளில்லாத நேரத்துல எரியுது, ஆள் வந்து உட்கார்ற நேரத்துல அணையுது. இது என்ன ஏற்பாடு? டைமரைப் பிடுங்கி மேசை இழுப்பறையில போட்டேன். விளக்கை நேரா ஸ்விட்சுல மாட்டினேன். காலையில பேப்பர் படிக்க அந்த வெளிச்சம் எனக்கு வசதியாப் போச்சு. எந்திரிச்சதுல இருந்து படுக்கிறவரைக்கும் எரியும். மூடநம்பிக்கைக்காக இல்ல தம்பி. பிரயோஜனத்துக்காக.

அடுத்தது அந்த மிதக்கிற இலை. ஆகாயத்தாமரைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆகாயத்தாமரையை அள்ளுறதுக்கே நாங்க தனியா ஆள் போட்டிருந்தோம், தெரியுமா? உட்கார்ந்து மொத்தத்தையும் அள்ளிக் கொட்டினேன். வெளிச்சம் அடி வரைக்கும் ஜம்முனு போச்சு. அப்புறம் நத்தை. தண்ணிக்குள்ள நத்தையை எவனாவது வச்சிருப்பானா? பொறுக்கித் தூக்கிப் போட்டேன். தீனி விஷயம் கேளுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்க ஒரு சிட்டிகைன்னா, மீன் என்ன விரதமா இருக்கு? நான் சாப்பிடுற வேளைக்கெல்லாம் அதுகளுக்கும் போட்டேன். இட்லி கூடப் போட்டிருக்கேன். வஞ்சகமில்லாம.

கொஞ்ச நாள்ல கண்ணாடியில பழுப்பா ஒரு படலம் வந்துச்சு. அப்புறம் இலையில எல்லாம் பச்சையா முடி. முடின்னா முடியேதான். என் தலையில வளர்ந்திருந்தாச் சந்தோஷப்பட்டிருப்பேன். அதுக்கப்புறம் தண்ணியே பச்சையாப் போச்சு. உள்ள மீன் இருக்கா இல்லையான்னே தெரியல. இது யார் தப்பு? தொட்டிக்குள்ள மண்ணைப் போட்டது யாரு?

போன் போட்டேன். "உன் தொட்டி பச்சையாப் போச்சும்மா"ன்னேன்.

"டைமர் இருக்கா மாமா?" ங்கிறா. நான் பாசியைச் சொல்றேன், அவ டைமரைக் கேக்கிறா.

"இருக்கும்மா"ன்னேன். இழுப்பறையில இருக்குல்ல, பொய் இல்லையே.

சரி, ஊர் உலகத்துல ஒரு வார்த்தை கேப்போம்னு ஒரு கலர் மீன் கடைக்குப் போனேன். ஜெபராஜ்னு ஒரு ஆள் நடத்துறான். வியாபாரின்னா என்ன சொல்லணும்? நாலு மருந்தை எடுத்து முன்னாடி வச்சு, இதை வாங்கு அதை வாங்குன்னு சொல்லணும். அதுதான் முறை. இவன் சொல்றான், "லைட்டைக் குறைங்க சார். தீனியைக் குறைங்க. மிதக்கிற செடி கொஞ்சம் தர்றேன், சும்மாவே தர்றேன். போட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

"எத்தனை நாளைக்கு?"ன்னேன்.

"அதுவாத் தெளியிற வரைக்கும்."

கடைக்கு வந்தவனை ஒண்ணும் வாங்காதேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் மேல சந்தேகம் வருமா வராதா? மருமகளுக்குத் தூரத்துச் சொந்தமா இருப்பானோன்னு கூட நினைச்சேன். ரெண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடுறாங்களே.

அதுக்கப்புறம் யாரையும் கேக்கல. எனக்குத் தெரிஞ்ச வேலையை நான் செஞ்சேன். தண்ணியை மொத்தமா இறைச்சேன். செடியைப் பிடுங்கி, பழைய பல் பிரஷ்ஷை வச்சு இலை இலையாத் தேய்ச்சேன். திரும்ப நட்டேன். அடி மண்ணு கிளம்பித் தண்ணி காபி மாதிரி ஆச்சு. படிகாரத்தைக் கரைச்சு ஊத்தினேன். மறுநாள் பார்த்தா, தெளிவு! சொர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதே"ன்னா.

அவளுக்கு நல்லது கண்ணுலேயே படாது. ஆமா, ரெண்டு மூணு மீன் செத்துச்சு. வயசான மீனா இருக்கும். வாரம் முடியல, திரும்பப் பச்சை. திரும்ப இறைச்சேன். திரும்பத் தேய்ச்சேன். திரும்பப் படிகாரம். திரும்பப் பச்சை. ஒரு ஊருக்கே தண்ணி கொடுத்தவனைப் பார்த்து, ஒரு முழம் தொட்டியில இருந்துக்கிட்டு அந்தப் பாசி பல்லை இளிக்குது. அதுக்கு வெக்கமே கிடையாது தம்பி.

"அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி ஒரு தடவை விட்டுத்தான் பாருங்களேன்"ன்னா சொர்ணம். விட்டுப் பார்க்கிறதுக்கு நான் எதுக்கு? அதுக்கு ஒரு பொம்மையை உட்கார வச்சாப் போதாதா?

இதுக்கு நடுவுல பிள்ளை பிறந்து, பேர் வைக்கிற விசேஷம் வந்துச்சு. கோவில்பட்டிக்குப் போனோம். கோவில் பக்கத்துக் கடையில நானே தேடிப் பிடிச்சு ஒரு ஜோடிக் கறுப்பு வளையல் வாங்கிட்டுப் போனேன். கண்ணு படக்கூடாதுன்னு பிள்ளைகளுக்குப் போடுவாங்கல்ல, அது. நடுவுல ஒரே ஒரு சிவப்பு மணி வச்சது. வளர்ற பிள்ளைன்னு கொஞ்சம் பெருசாவே வாங்கினேன். "பெருசா இருக்கே அண்ணே, கழண்டு விழுந்துருமே"ன்னு சம்பந்தியம்மா அதுக்கும் ஒரு நொட்டை சொன்னாங்க. எனக்குத் தெரியாதா?

பிள்ளைக்கு நேத்ரான்னு பேர் வச்சாங்க. எனக்கு வாயில நுழையல. நான் மீனான்னு கூப்பிட்டேன். தொட்டில் கட்டியிருந்த இடம் சரியில்ல, ஃபேனுக்கு நேர் கீழ. அவிழ்த்து வேற கொக்கியில மாட்டினேன். பிள்ளை முழிச்சு அழுதுச்சு. பிள்ளைன்னா அழத்தான் செய்யும். சுகந்தி வந்து தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கதவைச் சாத்திக்கிட்டா. அங்க நான் திறக்கல. அவங்க வீடுல்ல.

இது விருதுநகர். பாட்டிலை இங்கிட்டுக் கொடுங்க. ம்... லேசா என்னமோ மிதக்குது. பஸ் குலுக்கலா இருக்கும். ஒரு ஆட்டு ஆட்டினாச் சரியாப் போயிரும். இந்தாங்க, பிடிங்க.

அப்புறம் எனக்குக் கண்ணுல புரை. மக வீடு திருச்சியில. அங்கேயே ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். குனியக்கூடாது, தலையைத் தாழ்த்தக்கூடாது, தண்ணியில கை வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு மாசத்துக்கு மேல நானும் சொர்ணமும் திருச்சியிலேயே இருந்தோம். மதுரை வீட்ல கதிரேசன் மட்டும். கிளம்புறதுக்கு முந்தி, கடைசியா ஒரு தடவை தொட்டிக்குப் படிகாரம் கரைச்சு ஊத்திட்டுத்தான் போனேன். அதை ஞாபகம் வச்சுக்குங்க.

தினம் போன்ல கேப்பேன். "தொட்டி எப்படிடா இருக்கு?"

"இருக்குப்பா."

"தேய்ச்சியா?"

"இல்லப்பா."

"அப்ப என்னதான்டா செய்யிற?"

"ஒண்ணும் செய்யலப்பா."

ஒண்ணும் செய்யலைங்கிறதை ஒரு சாதனை மாதிரிச் சொல்றான். குரல்ல என்னமோ ஒரு சந்தோஷம் வேற. பின்னாடி ஏதோ பிள்ளைச் சத்தம் கேக்குது. "என்னடா சத்தம்?"னா, "டிவிப்பா" ங்கிறான். வேலையை விட்டுட்டு டிவி.

போன வாரம்தான் திரும்பினோம். கதவைத் திறக்கிறேன், புதுக் கண்ணுல முதல்ல பட்டது தொட்டிதான். தம்பி, உள்ள தண்ணி இருக்கிறதே தெரியல. அவ்வளவு தெளிவு. செடியெல்லாம் தளதளன்னு நிக்குது. மீன் குஞ்சு கூடப் போட்டிருக்கு. நான் ஊத்திட்டுப் போன கடைசிப் படிகாரம்! வேலை செய்ய நேரம் எடுத்திருக்கு, அவ்வளவுதான். கதிரேசன்கிட்டச் சொன்னேன், பார்த்தியாடா உங்கப்பன் கைவேலையைன்னு. "ஆமாப்பா"ன்னுட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டான். பொறாமை.

அந்த மிதக்கிற இலை மட்டும் திரும்ப வந்திருந்துச்சு. ஒண்ணு எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருந்து பெருகியிருக்கும். டைமர் இழுப்பறையை விட்டுக் கிளம்பி ஸ்விட்சுல உட்கார்ந்திருந்துச்சு. கதிரேசன் மாட்டியிருப்பான், கரண்டை மிச்சம் பிடிக்க. ரூம்ல மேசை மறுபடி ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்துச்சு. அவனுக்கும் வெயில் வேணும் போல. சொர்ணம் அந்த ரூமுக்குள்ள போனவ, கட்டில்ல கிடந்த தலையணை உறையை எடுத்து மோந்து பார்த்துக்கிட்டே நிக்கிறா. "என்னடி?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னா. வயசானா இப்படித்தான். கொடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கிடந்துச்சு. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கலாம்னு எடுத்தேன். வெடுக்குன்னு பிடுங்கிட்டா. ஒரு துணிக்கு இவ்வளவு ஆங்காரம்.

அன்னிக்குத்தான் தொட்டிக்குள்ள குனிஞ்சு பார்த்தேன். பச்சையா இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்காது. தெளிவா இருந்ததால தெரிஞ்சுச்சு. அடியில, மணல் மேல, கறுப்பா ஒண்ணு கிடக்கு. கையை விட்டு எடுத்தேன். சின்ன வளையல். நடுவுல ஒரு சிவப்பு மணி.

எதிர் வீட்ல ஒரு குழந்தை இருக்கு தம்பி. அது வந்திருக்கும். கதிரேசன் தூக்கி மீன் காட்டியிருப்பான். எட்டிப் பிடிக்கப் போய்க் கையில இருந்து நழுவியிருக்கும். என்ன, எத்தனை வயசா? நாலு. ஆமா, இதுக்குள்ள அதோட கை போகாதுதான். பழைய வளையலா இருக்கும். இதே வளையலைக் கடையில கொத்துக் கொத்தாத் தொங்க விட்டிருக்கான். நான் ஒருத்தன் மட்டுமா வாங்கினேன்?

சொர்ணம் அதைக் கையில வாங்கிப் பார்த்தா. முந்தானையில துடைச்சு, சாமி படத்துக்கிட்ட வச்சா. நான் சொன்னேன், "தொட்டிதான் தெளிஞ்சிருச்சே, வா, போய்க் கூட்டிட்டு வந்துருவோம்."

"நான் வரல. நீங்களும் போக வேண்டாம். அவளா வருவா"ன்னா.

"எப்ப வருவா? இன்னொரு ஆடிக்கா?"

"வீடு பிடிக்காம இல்ல அவளுக்கு. அது எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு" ங்கிறா.

இது ஒரு பதிலா தம்பி? அன்னியில இருந்து இதே பேச்சு. இன்னிக்குக் காலையில கதிரேசன் குளிக்கப் போன நேரத்துல கிளம்பினேன். வாசல்ல வந்து நிக்கிறா. "போறதுன்னாப் போங்க. பிள்ளையைப் பாருங்க. காபி கொடுத்தாக் குடிங்க. வான்னு மட்டும் கூப்பிடாதீங்க" ங்கிறா. கூட்டிட்டு வர்றதுக்குத்தான் போறேன். கூப்பிடாம எப்படிக் கூட்டிட்டு வர்றது? காபி குடிக்கவா கோவில்பட்டிக்குப் போறாங்க?

சாத்தூர் தாண்டியாச்சா? எங்க, பாட்டிலை எடுங்க. இறங்குறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துருவோம்.

என்ன இது?

என்ன தம்பி இது, இப்படிக் கலங்கிக் கிடக்கு. செடியே தெரியல. திருமங்கலத்துல நல்லா இருந்துச்சே. நீங்களும்தானே பார்த்தீங்க? இதைக் கொண்டு போய் அவ கையில எப்படிக் கொடுக்கிறது?

என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

வேர்ல மண்ணு இருக்கு, நான்தான் ஊருக்கு ஊர் எடுத்து ஆட்டுறேன்னா?

நீங்களும் அந்த ஜெபராஜ் மாதிரியே பேசுறீங்க. எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க. சரி, கொடுங்க. வேண்டாம். வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும். மடியில வச்சுக்குங்க. கையில அசையாமப் பிடிச்சுக்குங்க. கோவில்பட்டி வர இன்னும் நேரம் இருக்கு.

இதுவா? வளையல்தான். சாமி படத்துக்கிட்ட இருந்து எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்தேன். சொர்ணத்துக்குத் தெரியும்னு நினைக்கிறேன். சும்மாத்தான் எடுத்தேன். பிள்ளை கையில ஒரு தடவை போட்டு அளவு பார்க்கலாம்னு. ஒரு கையில ஒண்ணு இருந்து, இன்னொரு கை வெறுங்கையா இருந்தா...

இருக்காது. வேற யாரோடதாவது இருக்கும்.

இருந்தா என்ன கேக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே வர்றேன் தம்பி. ஒண்ணும் தோண மாட்டேங்குது. காபி கொடுத்தாக் குடிப்பேன். அது வரைக்கும் தெரியுது.

தம்பி, பாட்டிலு.

இல்ல, தூக்காதீங்க. தெளிஞ்சுதான்னு பார்க்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.